பித்தளைப் பூஜ்யம்

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர் செக்கர். நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவில், கடையில், சொந்த மைத்துனன் வீட்டில்கூட அவர் செக்கர்தான். மனைவி மட்டும் 'என்னங்க' என்பாள். ஓடும் வண்டியில் ஏறி இறங்கியே இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோயின. கூடவே மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கையும் தேய்ந்துபோனது. டிக்கெட் வாங்காதவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டால் அவர் ஒரே பதில்தான் சொல்வார்.

"செக்கர் ஏறினதும் எவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையா பார்க்கிறானோ, அவன்கிட்ட முதல்ல போ."

இப்படிப்பட்ட மனிதர் ஒரு மருத்துவமனையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார் என்றால், அதற்கு ஒரு பூஜ்யம்தான் காரணம்.

அந்த மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில், நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில், 'மூட்டு மாற்று அறுவைக்குப் பின் கிருமித் தொற்று' என்று எழுதி, அதன் கீழே ஆளுயரத்துக்கு ஒரு பூஜ்யம் பதித்திருந்தார்கள். பித்தளையில் வார்த்த பூஜ்யம். தினமும் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போவார். செக்கர் முதலில் போனது வேறொரு மருத்துவமனைக்கு. அங்கேயும் ஒரு பலகை இருந்தது. ஆனால் அதில் எண்ணைச் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள், மாதாமாதம் அழித்து மாற்றி எழுதுவார்களாம். போன மாதம் இரண்டு பேருக்குத் தொற்று வந்தது, இன்னின்ன சிகிச்சை கொடுத்தோம் என்று அங்கிருந்த டாக்டர் வெளிப்படையாகவே சொன்னார். செக்கர் அன்றே அங்கிருந்து ஓடிவந்துவிட்டார். உண்மையைச் சொல்கிற இடத்தில் போய் யாராவது காலைக் கொடுப்பார்களா?

பூஜ்யத்துக்குச் சொந்தக்காரர் பெரிய டாக்டர். உயரமானவர், கனத்த குரல், தடித்த மூக்குக் கண்ணாடி. முகக்கவசத்தை மூக்கு வரை ஏற்றினால் மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்கிவிடுகிறது என்பதால், அவர் அதை மூக்குக்குக் கீழே மாட்டிக்கொள்வது வழக்கம். ஆரம்பத்தில் உதவி டாக்டர்கள் அதை மறதி என்று நினைத்தார்கள். பிறகு பாணி என்று நினைத்தார்கள். கடைசியில் அதுவே மரியாதை ஆகிவிட்டது. அறுவை அறையில் இருப்பவர்கள், வார்டு நர்சுகள், லிஃப்ட் இயக்குபவர், வாசல் காவலாளி, எல்லாருக்கும் கவசம் மூக்குக்குக் கீழேதான். புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் மூக்கை மூடிக்கொண்டு வந்தபோது, "ஏம்மா, எங்க மேல நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டே அவளைச் சரிசெய்துவிட்டார்கள். கூடத்து மூலையில் பாடம் சொல்வதற்காக நிறுத்தி வைத்திருந்த எலும்புக்கூட்டுக்கும் ஒரு கவசம் மாட்டியிருந்தார்கள். அதற்கு மூக்கே கிடையாது. இருந்தாலும் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கீழேதான் மாட்டியிருந்தார்கள்.

வலது முழங்காலை முதலில் மாற்றுவது, அது தேறியதும் இடதை மாற்றுவது என்று பேச்சு. அறுவை நடந்தது. சில நாள் கழித்து 'நடைவிழா' நடந்தது. புது மூட்டுக்காரர்கள் சிவப்புக் கம்பளத்தின் மேல் நடந்துபோக வேண்டும், பெரிய டாக்டர் கைதட்டுவார், புகைப்படம் எடுப்பார்கள். வலி மாத்திரையின் தயவில் செக்கர் அன்று மிடுக்காக நடந்தார். பழக்கதோஷத்தில், ஓடும் பேருந்தை நிறுத்துவது போல ஒரு கையையும் தூக்கிவிட்டார். படம் அட்டகாசமாக வந்துவிட்டது. அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி, வாசலில் நிறுத்திவிட்டார்கள். செக்கர் கையைத் தூக்க, பக்கத்தில் பெரிய டாக்டர் மூக்கு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் சில வாரம்தான். முழங்கால் சிவந்தது, வீங்கியது, தொட்டால் கொதித்தது. தையல் போட்ட இடத்தில் ஓரமாக ஒரு வாய் திறந்து, அதிலிருந்து ஏதோ கசிந்தது.

"ராத்திரி தூக்கத்துல சொறிஞ்சீங்களா?" என்று மனைவி கேட்டாள். முப்பது வருடம் செக்கரோடு குடும்பம் நடத்தியவளுக்குச் சந்தேகம் தொற்றாமல் இருக்குமா?

"நான் எதுக்குச் சொறியறேன்?"

"பின்ன ஏன் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கறீங்க?"

இருவரும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனார்கள். வாசலில் காவலாளி தடுத்தார். செக்கர் முகத்தைப் பார்த்தார், அட்டைப் படத்தைப் பார்த்தார், மறுபடியும் செக்கரைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கீங்களே."

"நான் எங்க நல்லா இருக்கேன்? காலைப் பாரு."

"அங்க பாருங்க. கையைத் தூக்கிட்டு நடக்கிறீங்க." காவலாளி குரலைத் தாழ்த்தினார். "யாராவது உங்களை மாதிரி வேஷம் போட்டுட்டு வந்தா நாங்க மாட்டிப்போம் ஐயா. எதாவது அடையாளம் இருக்கா?"

செக்கர் கால் கட்டை அவிழ்த்துக் காட்டினார். அந்த வாடைக்குப் பிறகு காவலாளி வேறு அடையாளம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கவசத்தையும் மேலே ஏற்றிக்கொள்ளவில்லை. அவ்வளவு கட்டுப்பாடான மனிதர்.

உள்ளே அன்று பணியில் இருந்த இளம் டாக்டர் காயத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. அதை அவ்வளவு அக்கறையாகப் பார்க்க என்ன இருக்கிறது? செக்கருக்கு முதல் முறையாக அந்த மருத்துவமனை மேல் சந்தேகம் வந்தது.

"இது குணமாகிற நீர்" என்றார் இளம் டாக்டர்.

"நாத்தம் அடிக்குதே டாக்டர்?"

"குணமாகிற வாசனை ஆளுக்கு ஆள் மாறும்."

"மஞ்சளா வருதே?"

இளம் டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஐயா, இப்பவே திறந்து கழுவினா புது மூட்டைக் காப்பாத்திடலாம். தள்ளிப் போட்டா கிருமி அந்த உலோகத்து மேல பாசி மாதிரி படிஞ்சுடும். அப்புறம் மருந்துக்கு மசியாது, மூட்டையே கழட்டித்தான் ஆகணும். ஆனா நான் இதைச் சொல்லலை."

"பின்ன யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நீங்க போய் நற்பெயர்ப் பிரிவைப் பாருங்க."

அந்த மருத்துவமனையில் கிருமிக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று ஒன்று முன்னே இருந்தது. பிறகு அதை நற்பெயர்ப் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான், அப்புறம் எதற்கு இரண்டு மேசை? நற்பெயர் அதிகாரி ஓர் அம்மாள். பொறுமையே உருவானவர். செக்கர் தம்பதியை உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அன்பாக விசாரித்தார்.

"அம்மா, காலைச் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"பாருங்க, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். எங்ககிட்ட தொற்று கிடையாது. ஏன் கிடையாது? நாங்க தேடறதில்லை. தேடற ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இருக்கு, நீங்களே போய்ப் பாருங்க. அப்ப தொற்றுக்குக் காரணம் என்னன்னு நினைக்கறீங்க? தேடறதுதான். இதை நாங்க நிறைய வருஷ அனுபவத்துல கண்டுபிடிச்சோம்."

"காய்ச்சல் அடிக்குது எனக்கு" என்றார் செக்கர்.

"அது உங்க தனிப்பட்ட காய்ச்சல். அதுல நாங்க தலையிட மாட்டோம்." அம்மாள் கையைக் குவித்தார். "இன்னொரு சங்கடமும் இருக்கு. அந்தப் பூஜ்யம் சுவரோட சேர்த்து வார்த்தது. அதைக் கழட்டணும்னா சுவரை இடிக்கணும். சுவரை இடிச்சா மேல இருக்கற அறுவை அறை கீழே வரும். உங்க ஒரு காலுக்காக எத்தனை நோயாளிங்க கஷ்டப்படணும், நீங்களே சொல்லுங்க."

செக்கருக்குத் தன் காலால் ஒரு கட்டடம் இடிந்து விழப்போகிறது என்று குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது. மனைவிக்கு அதெல்லாம் வரவில்லை. அவள் அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்துப்போய், அந்த அட்டைப் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கட்டை முழுதாக அவிழ்த்தாள். காலை இன்னொரு நாற்காலி மேல் தூக்கி வைத்தாள்.

"எல்லாரும் பார்த்துக்கோங்க" என்றாள், உள்ளே வருகிறவர்களிடம். "அவரும் இவரும் ஒரே ஆளுதான். கால்ல மட்டும்தான் கொஞ்சம் வித்தியாசம்."

கூட்டம் கூடியது. மூட்டு மாற்ற வந்த இரண்டு பேர் வந்த வழியே நொண்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். சற்று நேரத்தில் மேலிருந்து உத்தரவு வந்தது. செக்கரின் காலிலிருந்து கசிவை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மருத்துவமனை வரலாற்றில் முதல் சோதனை அது. ஆய்வகப் பெண்ணுக்குக் கைகால் ஓடவில்லை. சந்தோஷத்தில்தான்.

கிருமி நன்றாகவே வளர்ந்திருந்தது.

காலைக் கழுவுவார்கள் என்று செக்கர் காத்திருந்தார். அதற்குப் பதிலாக விசாரணைக் குழு அமைத்தார்கள். பெரிய டாக்டர் தலைவர், நற்பெயர் அம்மாள் செயலாளர், இளம் டாக்டர் தலையாட்டுவதற்கு. கழுவுங்கள் என்று செக்கர் மன்றாடினார். கழுவினால் தடயம் அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நாங்க யாரையும் குத்தம் சொல்ல வரலை" என்று பெரிய டாக்டர் ஆரம்பித்தார். "ஒரே ஒரு கேள்விதான். இந்தக் கிருமி எங்க ஏறினது?"

செக்கர் விழித்தார். காலமெல்லாம் அவர் அடுத்தவரைக் கேட்ட கேள்வி அது. எங்க ஏறினே? யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. தடுமாறுவார்கள், எச்சில் விழுங்குவார்கள், பையைத் துழாவுவார்கள். இப்போது அவரும் அதையேதான் செய்தார்.

"தெரியலீங்க சார்."

"தெரியலைன்னா எப்படி? உங்க காலு. நீங்கதானே கூடவே இருந்தீங்க."

"ஆபரேஷன் அப்ப நான் மயக்கத்துல இருந்தேன் சார்."

"குறிச்சுக்கோங்க" என்றார் பெரிய டாக்டர், நற்பெயர் அம்மாளைப் பார்த்து. "பொறுப்பான நேரத்துல ஆள் மயக்கத்துல இருந்திருக்காரு."

அவர்கள் செக்கர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். மனைவியின் மூக்கு, மைத்துனன் மூக்கு, கதவுத் தாழ்ப்பாள், தலையணை, குளியலறைக் குழாய் எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். எதிலும் அந்தக் கிருமி இல்லை. குழு இன்னும் கவலைக்குள்ளானது.

"வீடு ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார் நற்பெயர் அம்மாள். "முன்கூட்டியே யாரோ தகவல் குடுத்திருக்காங்க."

விசாரணை நேர்மையாக நடந்தது என்று நாளைக்குச் சொல்ல வேண்டுமே என்று, மருத்துவமனை ஆட்களையும் சும்மா ஒரு பேச்சுக்குச் சோதிப்பது என்று தீர்மானித்தார்கள். முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று பெரிய டாக்டரே முதலில் மூக்கை நீட்டினார். அவர் மூக்கு எப்போதும் தயாராகத்தான் இருந்தது, கவசத்தைக்கூட இறக்க வேண்டியிருக்கவில்லை. அதையும் படம் எடுத்தார்கள்.

முடிவைச் சொல்ல ஆய்வகப் பெண் வந்தபோது குழு முழுதும் அறையில் இருந்தது. செக்கரும் மனைவியும் ஓரமாக இருந்தார்கள்.

"சார், உங்க மூக்குல இருக்கு" என்றாள் அவள். "அதே கிருமி. அதே ரகம். எந்த மருந்துக்குச் சாகுது, எந்த மருந்துக்குச் சாகலைங்கறது வரைக்கும் அச்சு அசலா அதேதான்."

பெரிய டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நற்பெயர் அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இளம் டாக்டருக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைக்காததால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செக்கருக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது! இனி என்ன, தலையைக் குனிவார்கள், காலைக் கழுவுவார்கள்.

பெரிய டாக்டர் மெதுவாகத் திரும்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படின்னா, இந்த ஆளோட கிருமி என்னைத் தாக்கியிருக்கு."

அறை மொத்தமும் மூச்சு விட்டது. நற்பெயர் அம்மாள் எழுந்து அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவருக்கு.

"எத்தனை காலைத் திறந்திருக்கேன் நான்!" என்றார் பெரிய டாக்டர். "எந்தக் காலும் இதுவரைக்கும் என்கிட்ட இப்படி நடந்துக்கிட்டதில்லை."

"சார்" என்றாள் ஆய்வகப் பெண். "கால்ல இருந்து மூக்குக்கு அது எப்படிப் போகும்? மூக்குல இருந்து காலுக்குத்தானே... நீங்க குனிஞ்சுதானே ஆபரேஷன் பண்ணுவீங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நான் குனிஞ்ச நேரம் பார்த்து ஏறியிருக்கு. எவ்வளவு தந்திரம் பாரு அதுக்கு."

"மூக்குல தடவற களிம்பு இருக்கு சார். கொஞ்ச நாள் தடவினா போயிடும்."

"எனக்கு எதுக்குக் களிம்பு? என் உடம்பு அதை ஏற்கெனவே தோற்கடிச்சிடுச்சு. என் மூக்கு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் முதல் ஆய்வகப் பெண் மருத்துவமனை வாசலில் இருந்த பூக்கடையைக் கவனித்துக்கொள்ளும்படி மாற்றப்பட்டாள். கிருமி, நோயாளி தன்னோடு கொண்டுவந்தது என்று குழு தீர்ப்புச் சொன்னது. கொண்டுவந்த சாமானுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல. பூஜ்யம் அப்படியே நின்றது. தாக்கப்பட்ட பெரிய டாக்டரை நோயாளி நேரில் பார்த்து வருத்தம் தெரிவித்தால் உறவு சுமுகமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். காலை அவர்தானே கழுவ வேண்டும்? செக்கர் போனார். பூங்கொத்தை அந்தப் பெண்ணிடமே வாங்கிக்கொண்டு போனார்.

"சீக்கிரம் குணமாகணும் சார்" என்று நீட்டினார்.

"பரவாயில்லை, மன்னிச்சுட்டேன்" என்றார் பெரிய டாக்டர், பெருந்தன்மையாக.

இத்தனையும் முடிந்து காலைத் திறந்து பார்த்தபோது, கழுவிக் காப்பாற்றும் காலம் கடந்துவிட்டிருந்தது. புது மூட்டைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் துண்டு ஒன்றை வைத்து மூடினார்கள். வாரக்கணக்கில் ட்ரிப்ஸ். பிறகு மாத்திரை. மாத்திரையை விழுங்கினால் குமட்டும், விழுங்காவிட்டால் மனைவி முறைப்பாள். கழிவறைக்குப் போக வாக்கரும் இரண்டு ஆளும் வேண்டும். ஒருநாள் அப்படிப் போய்வரும்போது ஜன்னல் வழியாக வாசலில் நிற்கும் தன் அட்டைப் படத்தைப் பார்த்தார். கையைத் தூக்கிக்கொண்டு அவன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தான். செக்கருக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டிலுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அவர் அழுது மனைவி பார்த்ததே இல்லை. அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நற்பெயர் அம்மாள் பழக்கூடையோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல சேதி! சிகிச்சை முழு வெற்றி. உங்க கால்ல இப்ப மாற்று மூட்டே இல்லை. மாற்று மூட்டு இல்லாதவருக்கு மாற்று மூட்டுத் தொற்று எப்படி இருக்க முடியும்? எனக்கு இப்பதான் நிம்மதியா இருக்கு."

"எனக்கு நடக்க முடியலையே அம்மா."

"நடக்கறது வேற துறை."

மனைவி அந்த உண்மை பேசும் மருத்துவமனைக்கு ஓடினாள். அங்கிருந்த டாக்டர் தாராளமாகக் கூட்டிவரச் சொன்னார். ஆனால் என்ன கிருமி, எந்த மருந்துக்கு மசிகிறது என்று எழுதி வாங்கிவர வேண்டும், அது தெரியாமல் காலைத் தொடுவது ஆபத்து என்றார். அவள் திரும்பி வந்து கேட்டபோது நற்பெயர் அம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டார். "இல்லாத கிருமிக்கு நான் எப்படிம்மா எழுதிக் குடுக்கறது? அது பொய் ஆயிடாதா?"

ஆக, அதே வலது காலில் இரண்டாவது மூட்டையும் பெரிய டாக்டர்தான் வைக்கப்போகிறார். அதே கை, அதே மூக்கு. இது கடைசி வாய்ப்பு, இதிலும் கிருமி புகுந்தால் காலை நீட்டின வாக்கில் எலும்போடு எலும்பாகச் சேர்த்துவிட வேண்டியதுதான், அப்புறம் ஆயுசுக்கும் மடங்காது என்று இளம் டாக்டர் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார். செக்கர் தூக்கம் இல்லாமல் கிடந்தார். கண்ணை மூடினால் கவசத்துக்கு மேலே பெரிய டாக்டரின் மூக்கு தெரிந்தது.

அவருக்கு நியாயம் பேசத் தெரியும். டிக்கெட் இல்லாதவனிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்பதும் தெரியும். அவனவன் சொல்கிற கதையை முழுதாக நம்புவது போல நம்பி, அந்தக் கதைப்படியே அவனை நடக்க வைக்க வேண்டும். டிக்கெட் பறந்துபோயிற்று என்பவனை, சரி தம்பி, இறங்கிப்போய்ப் பொறுக்கிட்டு வா என்பார்.

பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வார்டைச் சுற்றி வந்தார். கட்டிலருகே நின்றார்.

"என்ன, அடுத்த வாரம் வச்சிடலாமா? பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு சார்" என்றார் செக்கர். "எனக்கில்லை. உங்களை நினைச்சு."

"என்னையா?"

"போன தடவை என் கிருமி உங்களைத் தாக்கிடுச்சு. எவ்வளவு பெரிய மனுஷர், என்னால உங்களுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு எனக்குச் சோறு இறங்கலை. இப்ப கால்ல எங்கயாவது ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருந்தா? ஒரு தடவை வழி தெரிஞ்சுக்கிட்டது சார் அது. நீங்க குனிவீங்க, அது நேரா பழைய இடத்துக்கே வரும்."

பெரிய டாக்டரின் கை தானாக மூக்குக்குப் போனது.

"உள்ளயே கொஞ்சம் தங்கியிருந்தா?" என்று மனைவி எடுத்துக்கொடுத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உள்ள இருக்கறதும் வெளிய இருந்து வர்றதும் ஒண்ணு சேர்ந்துட்டா என்ன ஆகும் சார்? எனக்கு நினைக்கவே பயமா இருக்கு."

பரிவாரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பெரிய டாக்டர் மூக்கை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு இளம் டாக்டரிடம் திரும்பினார்.

"அந்தக் களிம்பு. அது என்ன தற்காப்புக்கா?"

"முழுக்க முழுக்கத் தற்காப்புதான் சார்" என்றார் இளம் டாக்டர், வாழ்க்கையிலேயே முதல் முறையாக உடனே.

"எனக்கு மட்டும் போதாது. எல்லாரும் தடவுங்க. இந்த நோயாளிங்களை நம்ப முடியாது." பெரிய டாக்டர் கவசத்தைப் பிடித்து மூக்குக்கு மேலே இழுத்தார். கண்ணாடி மங்கியது. யாரோ ஓடிவந்து கவசத்தின் மேல் விளிம்பை மூக்கோடு ஒட்டுப்பட்டை போட்டு ஒட்டினார்கள். மங்கல் நின்றது. இவ்வளவு சுலபமாக ஒரு வழி இருந்திருக்கிறது. பெரிய டாக்டர் சுற்றிலும் பார்த்தார். அடுத்த நொடி வார்டில் ஒரு மூக்கும் கண்ணில் படவில்லை. மாலைக்குள் லிஃப்ட்காரர் மூக்கு மறைந்தது, காவலாளி மூக்கு மறைந்தது, எலும்புக்கூட்டின் கவசத்தையும் ஏற்றி மாட்டினார்கள்.

அறுவை நாளன்று முதுகில் ஊசி போட்டார்கள். செக்கர் விழித்தபடியே கிடந்தார். தன் மேல் குனிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பழைய வழக்கப்படி, ஒருவரையும் விடாமல். ஒரு மூக்கும் இல்லை. அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினார்.

கால் ஆறியது. வீக்கம் இல்லை, சூடு இல்லை, கசிவு இல்லை. மாதங்கள் போயின. செக்கர் வாக்கரை விட்டார், பிறகு தடியை விட்டார், பிறகு மைத்துனனிடம் சண்டை போட இரண்டு தெரு நடந்தே போனார். மனைவி, 'திரும்பி வரும்போதாவது ஆட்டோல வாங்களேன்' என்று அலுத்துக்கொண்டாள். அதை அவர் ஒரு விருது மாதிரி கேட்டுக்கொண்டார்.

வருடம் திரும்பியதும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. விழா. செக்கருக்கும் மனைவிக்கும் முதல் வரிசையில், ஜன்னல் ஓரமாக இடம். சுவரில் பழைய பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பித்தளைப் பூஜ்யம் புதிதாகப் பதித்திருந்தார்கள். அதன் மேலே 'நோயாளிகளின் கிருமியால் தாக்கப்பட்ட மருத்துவர்கள்' என்று எழுதியிருந்தது.

பெரிய டாக்டர் மேடையேறினார்.

"போன வருஷம் நமக்கு ஒரு சோதனையான வருஷம். நம்மள்ல ஒருத்தரை ஒரு நோயாளி தாக்கினார். பேர் சொல்ல விரும்பலை, முதல் வரிசையிலதான் இருக்காரு. அவரை நாம மன்னிச்சுட்டோம். ஆனா சும்மா இருக்கலை. மூக்கை மூடினோம், களிம்பு தடவினோம், இந்த வருஷம் ஒரு டாக்டர்கூடப் பாதிக்கப்படலை. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, கால்ல அந்தக் குணமாகிற நீரும் இந்த வருஷம் யாருக்கும் வரலை. அது ஏன்னு நமக்குத் தெரியலை. அதை நாம தேடவும் வேண்டியதில்லை."

கைதட்டல்.

"அபாயம் நீங்கிடுச்சு நண்பர்களே. இனிமே பயந்து பயந்து மூச்சு விட வேண்டிய அவசியம் இல்லை."

அவர் ஒட்டுப்பட்டையைப் பிடித்து இழுத்தார். கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கினார். ஆழமாக ஒரு மூச்சு விட்டார். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. ஒவ்வொரு மூக்காக வெளியே வந்தது. மூலையில் காவலாளி ஒரு ஸ்டூல் மேல் ஏறி, எலும்புக்கூட்டின் கவசத்தைப் பக்குவமாகக் கீழே இழுத்துவிட்டார்.

செக்கரும் எழுந்து நிற்கப் பார்த்தார். இடது முழங்கால் சுரீரென்று பிடித்தது. கொஞ்ச நாளாகவே அது மாடிப்படியில் மக்கர் செய்துகொண்டிருந்தது. இந்த மழைக்காலம் தாண்டினால் மாற்றிவிடலாம் என்று அவரும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றதை மேடையிலிருந்து பெரிய டாக்டர் பார்த்துவிட்டார். இறங்கி வந்தார். குனிந்து, மூக்கு செக்கரின் முழங்காலுக்கு அருகே வர, அன்பாகக் கேட்டார்.

"என்ன, அடுத்த காலும் வலிக்க ஆரம்பிச்சிருச்சா? வச்சிடலாமா?"

"இல்லையே சார்" என்றார் செக்கர். "துளிகூட வலியில்லை."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மனைவியும் அவர் பார்த்த பக்கம் திரும்பினாள். அங்கே நாலைந்து வண்டிகள் நின்றிருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. இருவரும் அதையே ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.